கணக்குப் பார்க்கத் தெரிந்த நாவல்: ஜான் ஸ்டைன்பெக்கின் ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’

ஊரைவிட்டுப் பிழைக்கப் போகும் உழவர் குடும்பங்களைப் பற்றிய கதைகளுக்குத் தமிழில் பஞ்சமில்லை. மழை பொய்த்துப்போகிறது, கிணறு வற்றுகிறது, மாடு கைமாறுகிறது, சட்டிபானை மூட்டையாகிறது, வாசகர் கண்கலங்கிப் புத்தகத்தை மூடி வைக்கிறார். ஆனால் அந்தக் குடும்பம் எவ்வளவு கடனுக்காக ஊரைவிட்டது, போன இடத்தில் நாளொன்றுக்கு என்ன கூலி கிடைத்தது, அந்தக் கூலியில் யார் யார் எவ்வளவு பிடித்துக்கொண்டார்கள், மிச்சம் இரவுச் சாப்பாட்டுக்குக் கண்டதா என்பதைப் பெரும்பாலான கதைகள் சொல்லாமலே விட்டுவிடுகின்றன. உசிலம்பட்டிக்கு மேற்கே வானம் பார்த்த பூமியில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில், இடம்பெயர்வுக் கதை எதை வாசித்தாலும் நான் முதலில் தேடுவது இந்தக் கணக்கைத்தான். அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1939இல் வெளியிட்ட ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவலில் அந்தக் கணக்கு சென்ட் சென்ட்டாக எழுதப்பட்டிருக்கிறது. அதனாலேயே இந்த நாவல் மதுரைப் பக்கத்து வாசகருக்குச் சொந்த ஊர்க் கதையாகப் படும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நான் வாசித்தது தமுக்கம் மைதானத்துப் புத்தகத் திருவிழாவில் வாங்கிய பெங்குயின் தாள் அட்டைப் பதிப்பு. நாவலில் மொத்தம் 30 அத்தியாயங்கள். அவற்றுள் 14 அத்தியாயங்கள் ஜோட் என்ற ஒரு குத்தகை உழவர் குடும்பத்தின் கதையைச் சொல்கின்றன. மீதமுள்ள 16 அத்தியாயங்களில் அந்தக் குடும்பம் வருவதே இல்லை. நிலம், வங்கி, டிராக்டர், பழைய கார் வியாபாரம், நெடுஞ்சாலை, பருத்தித் தராசு என்று ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, பெயரில்லாத பல குரல்களின் வழியாக அது இயங்கும் விதத்தைக் காட்டுகின்றன. கதை மட்டும் வேண்டும் என்று வாசிப்பவர்கள் இந்த இடைநிலை அத்தியாயங்களைத் தாண்டிப் போய்விடுவது உண்டு. அப்படித் தாண்டுகிறவர்கள் நாவலின் முதுகெலும்பைத் தவறவிடுகிறார்கள் என்பேன்.

கதையின் அடிப்படை எளிமையானது. ஒக்லஹோமா மாநிலத்தில் சாலிசா என்னும் ஊருக்கு அருகே பருத்தி பயிரிட்டு வாழ்ந்த ஜோட் குடும்பம், தொடர்ந்து விளைச்சல் பொய்த்ததால் நிலத்தை வங்கிக்கு இழந்து, அதே நிலத்தில் விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரக் குத்தகைக்காரர்களாக இருந்து, கடைசியில் அங்கிருந்தும் வெளியேற்றப்படுகிறது. கொலைக் குற்றத்துக்காக நான்கு ஆண்டுகள் சிறையில் இருந்துவிட்டுத் திரும்பும் மகன் டாம் ஜோட், இடித்துத் தள்ளப்பட்ட தன் வீட்டைத்தான் காண்கிறான். தாத்தா, பாட்டி, தாய், தகப்பன், பிள்ளைகள், கர்ப்பிணி மகள், அவள் கணவன் எனப் பன்னிரண்டு பேரும், ஊழியத்தை விட்டுவிட்ட ஜிம் கேசி என்ற முன்னாள் பாதிரியாரும் சேர்ந்து பதின்மூன்று பேராக ஒரு பழைய மோட்டார் வண்டியில் ஏறி, 66ஆம் எண் நெடுஞ்சாலை வழியே கலிஃபோர்னியாவுக்குப் புறப்படுகிறார்கள். அங்கே பழத்தோட்டங்களில் வேலை இருப்பதாக ஒரு துண்டறிக்கை சொல்கிறது.

ஐந்தாம் அத்தியாயத்தை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். குத்தகைக்காரரின் வீட்டை இடிக்க டிராக்டர் வருகிறது. துப்பாக்கியோடு வாசலில் நிற்கும் குத்தகைக்காரர் பார்த்தால், ஓட்டி வருபவன் அடுத்த வீட்டுக்காரரின் மகன். சொந்த மக்களுக்கு எதிராக ஏன் இந்த வேலை செய்கிறாய் என்று கேட்கிறார். நாளுக்கு மூன்று டாலர், எனக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள் என்கிறான் அவன். உன் மூன்று டாலருக்காகப் பதினைந்து இருபது குடும்பங்கள் பட்டினி கிடக்கின்றன, நூறு பேர் வரை தெருவில் அலைகிறார்கள் என்கிறார் இவர். அவனைச் சுட்டால் நாளைக்கு வேறொருவன் டிராக்டரில் வருவான். ஆணையிட்டவர் யார் என்று கேட்டால் வங்கி என்கிறான். வங்கிக்கு ஆணையிட்டவர்கள் கிழக்கே எங்கோ இருக்கிறார்கள். அப்படியானால் நான் யாரைத்தான் சுடுவது என்று அந்த மனிதர் கேட்கும் கேள்விக்கு அந்த அத்தியாயத்தில் பதில் இல்லை. பதிவுத் தபாலில் ஏல அறிவிப்பு வந்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்று தெரியாமல் கிளை அலுவலகத்தின் மரப்பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சம்சாரியை நேரில் பார்த்தவர்களுக்கு இந்தப் பக்கங்களை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இந்த இடத்தில் ஸ்டைன்பெக்கின் பெருந்திறம் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அவர் அந்த டிராக்டர் ஓட்டியைக் கெட்டவனாக எழுதவில்லை. டிராக்டரையும் வெறும் அரக்க இயந்திரமாக விட்டுவிடவில்லை. ஒரு டிராக்டரும் ஓர் ஆளும் பன்னிரண்டு, பதினான்கு குத்தகைக் குடும்பங்களின் வேலையைச் செய்துவிடலாம் என்ற கணக்கை நிலக்காரர்களின் வாயாலேயே சொல்ல வைக்கிறார். கூலி கொடுத்தால் போதும், விளைச்சல் முழுவதும் நமக்கே என்பது அவர்கள் போட்ட கணக்கு. வறட்சி வந்தது உண்மை, புழுதிப்புயல் அடித்ததும் உண்மை. ஆனால் மக்களைச் சாலைக்குத் தள்ளியது அந்தக் கணக்கு என்பதை நாவல் ஓரிடத்திலும் மறக்கவில்லை.

புறப்படும் முன் ஜோட் குடும்பம் கலப்பை, வண்டி, சேணம், தட்டுமுட்டு அனைத்தையும் ஊருக்குள் கொண்டுபோய் விற்கிறது. மொத்தமாகக் கிடைப்பது 18 டாலர். வாங்குபவருக்கு இவர்கள் நாளைக்கு ஊரில் இருக்கப்போவதில்லை என்பது தெரியும். கண்மாய் பெருகாத வருடங்களில் நம் பக்கத்துச் சந்தையில் உழவு மாட்டுக்கு என்ன விலை சொல்வார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த 18 டாலரின் கசப்பு புரியும். விற்க முடியாதவற்றை வீட்டில் எரிக்கிறார்கள். தாய் ஒரு பழைய பெட்டியைத் திறந்து, கடிதங்களையும் நிழற்படங்களையும் ஒருமுறை பார்த்து, காதணி போன்ற ஒன்றிரண்டு சிறு நகைகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, மற்றதை அடுப்புத் தணலில் போடுகிறாள். அவள் அழுததாக ஆசிரியர் எழுதவில்லை.

வழியில் ஒரு முகாமில் கந்தலுடுத்திய ஒருவர் கலிஃபோர்னியாவிலிருந்து திரும்பி வந்துகொண்டிருக்கிறார். துண்டறிக்கையின் சூத்திரத்தை அவர்தான் விளக்குகிறார். முதலாளிக்கு வேண்டியது 800 ஆட்கள். அவர் அச்சடிப்பது 5,000 துண்டறிக்கைகள். அதை வாசிப்பவர்கள் 20,000 பேர் இருக்கலாம். அவர்களில் இரண்டாயிரம், மூவாயிரம் பேர் கிளம்பி வந்துவிட்டால், பசித்த கூட்டத்தைப் பார்த்துக் கூலியை இறக்கிக்கொண்டே போகலாம். அந்த மனிதரின் இரண்டு குழந்தைகளும் மனைவியும் பட்டினியால் செத்துப்போனார்கள். குழந்தைகள் இதயம் நின்று இறந்ததாகப் பிணப் பரிசோதகர் காகிதத்தில் எழுதிக்கொடுத்தார். பஞ்சச் சாவைப் பஞ்சச் சாவு என்று பதிவேட்டில் எழுதாத வழக்கம் நமக்கும் புதிதல்ல. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொன்ன 1876-78 பஞ்சத்தில் செத்தவர்கள் பலர் காலரா என்றும் காய்ச்சல் என்றுமே கணக்கில் ஏறினார்கள்.

நாவலின் உச்சமாக நான் கருதுவது இருபத்தாறாம் அத்தியாயத்தில் வரும் ஒரு மளிகைக் கடைக் காட்சி. பீச் பழத் தோட்டத்தில் பெட்டிக்கு 5 சென்ட் கூலி. பழம் நசுங்கியிருந்தால் அந்தப் பெட்டி கணக்கில் சேராது. குடும்பம் முழுவதும், பொடிப் பிள்ளைகள் உட்பட, பறித்ததில் 20 பெட்டிக்கு ஒரு டாலர் சேர்கிறது. அந்த ஒரு டாலருக்கான சீட்டை எடுத்துக்கொண்டு தாய் தோட்டத்துக் கடைக்குப் போகிறாள். அங்கே எல்லாமே ஊர்விலையை விட அதிகம். ஊருக்குப் போய் வாங்கலாம் என்றால் வண்டிக்கு பெட்ரோல் செலவு. கொஞ்சம் இறைச்சி, ரொட்டி, உருளைக்கிழங்கு, இருப்பதில் மலிவான காப்பித்தூள். டாலர் தீர்ந்தது. ஏழு பேர் உழைத்து ஒரு வேளைச் சாப்பாடு என்று அவள் தனக்குள் கணக்குப் பார்க்கிறாள். பிறகு சர்க்கரை நினைவுக்கு வருகிறது. பத்து சென்ட் கடன் கேட்கிறாள். கடைக்காரர் முடியாது என்கிறார், முதலாளி விடமாட்டார் என்கிறார், கடைசியில் தன் பையிலிருந்து பத்து சென்ட்டை எடுத்துக் கல்லாவில் போட்டுவிட்டுச் சர்க்கரையைத் தள்ளுகிறார். தோட்டத்து முதலாளியின் கொள்ளையும் ஓர் ஏழைச் சிப்பந்தியின் இரக்கமும் ஒரே கல்லாவில் விழுவதை இத்தனை துல்லியமாக வேறு எந்த நாவலிலும் நான் வாசித்ததில்லை.

இந்தப் பகுதியைத் தமிழில் வாய்மொழியாகச் சொல்லி என் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் பெரியப்பாவோடு மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு பல ஆண்டுகள் கரும்பு வெட்டப் போனவர். டன்னுக்கு இவ்வளவு என்று கூலி பேசுவார்கள். சோகை (காய்ந்த தோகை), கொழுந்தாடை (கரும்பின் நுனி) சேர்ந்து வந்தது என்று ஆலையில் எடையைக் கழிப்பார்கள். கழித்தது சரியா தவறா என்று வெட்டிய ஆள் போய்ப் பார்க்க முடியாது. மளிகைக் கடைக் காட்சியைக் கேட்டுவிட்டு அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. “அது சரி, எட போடுறது யாருய்யா? அவுக ஆளா, இவுக ஆளா?” என்று கேட்டார்.

அவர் கேட்டது அடுத்த அத்தியாயத்தில் அப்படியே இருக்கிறது. இருபத்தேழாம் அத்தியாயம் பருத்தி எடுப்பைப் பற்றியது. முதல் எடுப்புக்கு நூறு பவுண்டுக்கு 80 சென்ட், இரண்டாம் எடுப்புக்கு 90 சென்ட். பருத்தி எடுக்கும் பையை ஒரு டாலர் கொடுத்து எடுப்பவரே வாங்க வேண்டும்; கையில் காசில்லாதவருக்குக் கூலியில் கழித்துக்கொள்வார்கள். வயலில் ஆட்கள் நிரம்பி வழிவதால், பைக்கான டாலர் கழியும் முன்பே பருத்தி தீர்ந்துபோகிறவர்களும் உண்டு. எடை போடும்போது, பையில் கல்லைப் போட்டிருக்கிறாய் என்கிறார் ஒருவர். உன் தராசு கோணல் என்கிறார் மற்றவர். சில சமயம் அவர் சொல்வது உண்மை, சில சமயம் இவர் சொல்வது உண்மை, சில சமயம் இரண்டுமே உண்மை என்று எழுதிச் செல்கிறார் ஸ்டைன்பெக். பேரையூர், தே.கல்லுப்பட்டிப் பக்கத்துக் கரிசலில் பருத்தி எடுத்தவர்கள் இந்த நான்கு பக்கத்தை வாசித்தால் எழுதியவர் யார், எந்த ஊர்க்காரர் என்று விசாரிப்பார்கள்.

தாயின் பாத்திரத்தைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். குடும்பம் இரண்டாகப் பிரிந்து போகலாம் என்று ஆண்கள் முடிவெடுக்கும்போது, வண்டியின் இரும்புக் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு முடியாது என்று மறித்து நிற்பவள் அவள். பாலைவனத்தைக் கடக்கும் இரவில் பாட்டியின் அருகே படுத்து வருகிறாள். நள்ளிரவில் மாநிலச் சோதனைச் சாவடியில் சாமான்களை இறக்கச் சொல்லும் அதிகாரிகளிடம், கிழவிக்கு உடம்பு மோசம், உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும் என்று மன்றாடி வண்டியை விடச்செய்கிறாள். விடிந்து, மலையிறக்கத்தில் பச்சைப் பள்ளத்தாக்கு தெரிகிறது. எல்லாரும் இறங்கி வாய்பிளந்து பார்க்கிறார்கள். அப்போதுதான் சொல்கிறாள், பாட்டி சாவடிக்கு முன்பே செத்துவிட்டாள் என்று. இரவு முழுவதும் பிணத்தோடு படுத்து வந்தவள், குடும்பம் கடந்து சேர வேண்டும் என்பதற்காக ஒரு சொல் பேசவில்லை. அடக்கம் செய்யக் கையில் பணம் போதாமல் அரசுச் செலவில் புதைக்க விட்டுவிட்டுப் போகிறார்கள். ஊரில் ஒரு சாவு என்றால் கோடித்துணி எடுக்கவும் மேளம் வைக்கவும் கடன் வாங்கியாவது முறை செய்யும் நம் மக்கள் இந்த அவமானத்தின் எடையை உணர்வார்கள்.

நம் மண்ணின் கதையோடு வைத்துப் பார்க்கும்போது இந்த நாவலின் இன்னொரு பக்கம் தெளிவாகிறது. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றித் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைத்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளியான ‘ரெட் டீ’, இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் கிடைக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்து மயிலோடை என்னும் ஊரிலிருந்து, 1920களில், கருப்பனும் அவன் மனைவி வள்ளியும் மேஸ்திரியின் சர்க்கரைப் பேச்சை நம்பி முன்பணம் வாங்கிக்கொண்டு வால்பாறைக்குப் போகிறார்கள். அட்டைக்கடி, குளிர், மலேரியா, ஒரே அறையில் அடைக்கப்பட்ட குடும்பங்கள், பெண்கள்மேல் பாயும் அதிகாரம் என்று அவர்கள் பட்ட பாட்டை, அந்த நோயாளிகளைத் தொட்டு வைத்தியம் பார்த்த மனிதரே எழுதியிருப்பதால் ஒவ்வொரு பக்கத்திலும் உடம்பின் வலி தெரிகிறது.

இரண்டு நாவல்களையும் அடுத்தடுத்து வாசித்தால் ஒரு வேறுபாடு பளிச்சென்று தெரியும். ஜோட் குடும்பத்துக்கு யாரும் முன்பணம் தரவில்லை. ஒரு துண்டறிக்கை மட்டுமே அவர்களை இழுத்தது. அவர்கள் எந்தத் தோட்டத்தையும் விட்டு எப்போது வேண்டுமானாலும் போகலாம், போனால் பட்டினி. வாசலில் அதைவிடக் குறைந்த கூலிக்கு வேலை செய்ய ஆயிரம் பேர் காத்திருப்பதால் அவர்களைப் பிடித்து வைக்க முதலாளிக்குத் தேவையே இல்லை. கருப்பனின் நிலை வேறு. மலைக்கு ஆள் கிடைப்பது அரிது; ஆகவே கிடைத்த ஆளைக் கடனால் கட்டிப்போட வேண்டியிருந்தது. தப்பி ஓடியவர்களைக் குற்றவாளிகளாக நடத்த அரசே சட்டம் செய்து கொடுத்திருந்தது. ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைத் தண்டிக்கும் 1859ஆம் ஆண்டுச் சட்டம் 1920களின் நடுப்பகுதிவரை இருந்தது. தோட்ட முதலாளிகளுக்கென்றே 1903இல் சென்னை மாகாணம் தனியே ஒரு சட்டமும் இயற்றியது. ஆள் மிகுந்த இடத்தில் துண்டறிக்கை, ஆள் குறைந்த இடத்தில் முன்பணம் என்று சுரண்டல் தன் கருவியை மாற்றிக்கொள்கிறது. ஒரு நாவலை மட்டும் வாசித்தவருக்கு இது பிடிபடாது.

மதுரைப் பக்கத்தில் நாம் இரண்டையுமே பார்க்கிறோம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 1895இல் முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் வந்த பிறகு மேலூர்ப் பக்கம் இருபோகம் கண்டது. உசிலம்பட்டியும் சேடபட்டியும் மானாவாரியாகவே நின்றன. அந்தப் பக்கத்திலிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு முறுக்குக் கம்பெனிகளுக்கு அனுப்பப்பட்ட சிறுவர்களை வெளிமாநிலங்களிலிருந்து மீட்டுவந்த செய்திகளை நம் நாளிதழ்களில் வாசித்திருக்கிறோம். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. ஆரப்பாளையத்தில் திருப்பூர்ப் பேருந்துக்குப் பாத்திர மூட்டையோடு காத்திருக்கும் குடும்பங்களுக்கு முன்பணம் கிடையாது. யாரோ கைபேசியில் அனுப்பிய செய்திதான் அவர்களுடைய துண்டறிக்கை. இப்போது நம் வயல்களில் நாற்று நட வங்காளத்திலிருந்தும் பிகாரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களைப் பார்த்துக் கூலியைக் கெடுக்க வந்தவர்கள் என்று முணுமுணுப்பவர்களுக்கு இந்த நாவலின் பத்தொன்பதாம், இருபத்தோராம் அத்தியாயங்களைப் படித்துக் காட்ட வேண்டும். கலிஃபோர்னியாவின் சிறு கடைக்காரர்களும் எழுத்தர்களும் அகதியாக வந்த உழவர்களை ‘ஓக்கி’ என்று இழிவாக அழைத்து வெறுத்ததும், அந்த வெறுப்பால் யார் லாபம் பெற்றார்கள் என்பதும் அங்கே தெளிவாக இருக்கின்றன.

புதுமைப்பித்தன் 1930களில் எழுதிய ‘துன்பக்கேணி’யையும் இந்த வரிசையில் வைக்க வேண்டும். வாசவன்பட்டி மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ப் படும் பாட்டைச் சொல்லும் அந்த நீண்ட கதை, ஸ்டைன்பெக்கின் நாவலுக்கு முந்தியது. ஸ்டைன்பெக் தொடத் தயங்கும் ஓரிடத்தை, அதாவது உழைக்கும் பெண்ணின் உடம்பைத் தோட்டத்து அதிகாரம் எப்படிப் பயன்படுத்துகிறது என்பதை, அது நேராகச் சொல்லிவிடுகிறது.

குறைகளும் இருக்கின்றன. சாலிசா ஒக்லஹோமாவின் கிழக்குக் கோடியில் உள்ள ஊர். 1930களின் பெரும் புழுதிப்புயல்கள் வாட்டியது அம்மாநிலத்தின் மேற்குக் கோடியை. நாவலின் தொடக்கத்தில் வரும் புழுதி ஓரளவு இடம் மாறி விழுந்திருக்கிறது. இது சிறிய குறை. பருத்திச் சாகுபடிப் பரப்பைக் குறைப்பதற்கு 1933ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த பணம் நிலக்காரர்களின் கைக்குப் போய், அந்தப் பணத்திலேயே டிராக்டர் வாங்கிக் குத்தகைக்காரர்களை வெளியேற்றியவர்கள் பலர் என்பதை நாவல் வெளிப்படையாகப் பேசவில்லை. மாறாக, அரசு நடத்தும் முகாமை மட்டும், கழிப்பறை, வெந்நீர், குடியிருப்போரே நடத்தும் குழு, சனிக்கிழமை நடனம் என்று, ஏறத்தாழ சொர்க்கமாகவே காட்டுகிறது. அரசின் ஒரு கை தள்ளியதையும் மறு கை தாங்கியதையும் சேர்த்து எழுதியிருந்தால் நாவல் இன்னும் முழுமை பெற்றிருக்கும்.

பெரிய குறை வேறொன்று. ஜோட் குடும்பத்துக்கு முன்பே அந்தப் பள்ளத்தாக்குகளில் மெக்ஸிகோ, பிலிப்பைன்ஸ், ஜப்பான் நாட்டுத் தொழிலாளர்கள் தலைமுறையாகப் பழம் பறித்து வந்தார்கள். 1930களில் மெக்ஸிகோ வம்சாவளியினர் பெருங்கூட்டமாகத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். நாவலில் அவர்களுக்குச் சில வரிகள் கிடைக்கின்றன; ஒரு முகமோ ஒரு பெயரோ கிடைக்கவில்லை. வெள்ளையரான சொந்த நாட்டு உழவர்களே இந்தக் கதிக்கு ஆளானதுதான் அமெரிக்க வாசகர்களை உலுக்கியது என்ற உண்மை, நாவலின் வெற்றிக்கும் அதன் எல்லைக்கும் ஒரே காரணமாக இருக்கிறது. சாதியை ஒதுக்கிவைத்துவிட்டு இடம்பெயர்வை எழுதும் தமிழ்க் கதைகளிலும் இதே பள்ளம் இருக்கிறது. ஊரைவிட்டு முதலில் போனவர்கள் யார், கடைசியில் போனவர்கள் யார் என்று கேட்டால் நிலம் யாரிடம் இருந்தது என்ற கேள்விக்குத்தான் போய்ச் சேருவோம்.

இந்த நூல் உட்கார்ந்த இடத்திலிருந்து கற்பனையாக எழுதப்பட்டதும் இல்லை. 1936இல் ‘சான் பிரான்சிஸ்கோ நியூஸ்’ நாளிதழுக்காக முகாம்களுக்குப் போய்க் கட்டுரைத் தொடர் எழுதினார் ஸ்டைன்பெக். அரசு முகாமை நடத்திய டாம் காலின்ஸ் அவருக்கு வழிகாட்டினார்; நூலின் காணிக்கையில் அவர் பெயரும் இருக்கிறது. காலின்ஸோடு அதே முகாம்களில் பணியாற்றிய சனோரா பாப் என்ற பெண் எழுத்தாளரும் இதே மக்களைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். ஸ்டைன்பெக்கின் நூல் சந்தையை நிறைத்துவிட்டதால் பதிப்பகம் பாப்பின் நூலைக் கைவிட்டது. அது 2004இல்தான் அச்சேறியது. கதை நிகழும் கலிஃபோர்னியாவின் கெர்ன் மாவட்டத்திலேயே, பொது நூலகங்களிலும் பள்ளிகளிலும் ஸ்டைன்பெக்கின் நாவல் 1939 ஆகஸ்டில் தடை செய்யப்பட்டது. மாவட்ட நூலகர் கிரெட்சன் நீஃப் அந்தத் தடையை எதிர்த்துக் கடிதம் எழுதினார். 1940இல் நாவலுக்குப் புலிட்சர் பரிசும், 1962இல் அதன் ஆசிரியருக்கு நோபல் பரிசும் கிடைத்தன.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். ஆங்கில மூலத்தின் உரையாடல்கள் முழுவதும் ஒக்லஹோமா நாட்டுப்புறப் பேச்சில் எழுதப்பட்டவை. எழுத்துகளை விழுங்கி எழுதியிருப்பதால் முதல் ஐம்பது பக்கங்கள் தடுமாறும். உரக்க வாசித்தால் பிடிபட்டுவிடும். எழுத்துரு சிறியது, வரி நெருக்கமானது. கண் கூசுபவர்கள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. ஐந்நூறு பக்கத்தை நெருங்கும் நூலை முழுதாக வாசிக்க நேரமில்லாத கல்லூரி மாணவர்கள் 5, 9, 19, 25, 27 ஆகிய அத்தியாயங்களை மட்டும் முதலில் வாசிக்கலாம். இருபத்தைந்தாம் அத்தியாயத்தில் விலை விழக்கூடாது என்பதற்காகப் பழத்தின்மேல் மண்ணெண்ணெய் ஊற்றும் காட்சி இருக்கிறது, தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டு வெறும் கூடையோடு வீடு திரும்பிய சம்சாரி வீட்டுப் பிள்ளைகள் அதைத் தவறவிடக்கூடாது. முடிவுக் காட்சியை நான் இங்கே சொல்லவில்லை. அது எல்லாருக்கும் ஏற்புடையதாக இருக்காது, எனக்கு ஏற்புடையது. அதை முடித்த கையோடு ‘எரியும் பனிக்காடு’ நூலையும் எடுத்துவிடுங்கள். இடையில் வேறு புத்தகம் வேண்டாம்.